போனில் முப்பத்துமூன்று, கொட்டகையில் குளிர்: நாமகிரிப்பேட்டைக்கு ஒரு பயணம்

ஏற்காட்டில் விருந்தினர்களுக்கு வாடகைக்கு விடும் எங்கள் வீட்டு அறைகளில் இந்தக் குளிர்காலத்திலாவது மின்சார ஹீட்டர் மாட்டிவிட வேண்டும் என்று கிளம்பியதால் வந்த பயணம் இது. "உலகத்துல எங்க இருந்தாலும் போன்லயே போடலாம், அணைக்கலாம் மேடம்" என்று சேலம் ஃபேர்லேண்ட்ஸ் கடைக்காரர் அடித்துச் சொன்னார். விற்கிறவர் வேறு என்ன சொல்வார்? பயன்படுத்துகிற ஓரிடத்தில் பார்த்துவிட்டு வாங்கலாம் என்று இருந்தேன். கல்லூரித் தோழி கலைவாணி, நாமகிரிப்பேட்டைப் பக்கம் தன் கோழிப்பண்ணையில் குஞ்சுக் கொட்டகைக்கு அப்படிப்பட்ட ஹீட்டர்களைத்தான் மாட்டியிருந்தாள்.

ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை. ஏற்காட்டிலிருந்து காலை முதல் பேருந்தில் இறங்கி ஏழரைக்குச் சேலம் அஸ்தம்பட்டி வந்தேன். தன் மகளைப் பள்ளி விடுதியில் விட்டுவிட்டு கலைவாணி காரோடு காத்திருந்தாள். அங்கிருந்து பண்ணை ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பேருந்தில் வருகிறவர்கள் சேலத்திலிருந்து ராசிபுரம் வந்து மாற வேண்டும்.

கலைவாணி வண்டி ஓட்ட, அவள் போன் என் கையில். கொட்டகையில் குஞ்சுகளின் உயரத்துக்கு ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி கயிற்றில் தொங்கும். சூடு முப்பத்திரண்டு டிகிரிக்குக் கீழே போனால் அது சொல்ல, ஹீட்டர் எரியும். மேலே போனால் அணையும். போனில் இப்போது முப்பத்துமூன்று காட்டியது. உள்ளே இருந்தவை ஐந்து நாள் குஞ்சுகள், இரண்டாயிரம். கணவர் போர்வெல் போடும் வண்டியோடு ஆந்திராவில் இருக்க, முழுக்கத் தன் பொறுப்பில் கலைவாணி இறக்கிய முதல் குஞ்சுகள் அவை. பண்ணையில் அப்போது இருந்தவர் அவள் மாமனார் மட்டும். முன்பு கொட்டகையைச் சூடாக்கிய கரி அடுப்பை எடுத்ததற்கு ஒரு மாதம் முணுமுணுத்தவர், இப்போது தினமும் அந்தப் பெட்டியைத் துண்டால் துடைக்கிறாராம். மருமகளைவிட அதன்மேல்தான் பாசம் அதிகம் என்று சிரித்தாள்.

மல்லூர் தாண்டியதும் அவரே கூப்பிட்டார். குஞ்செல்லாம் ஒரே கத்தாகக் கத்துகிறது, ஹீட்டர் எரியவில்லை என்றார். நான் போனைப் பார்த்து முப்பத்துமூன்று என்றேன். சூடு போதுமென்றுதான் நின்றிருக்கும், விடியற்காலையில் ஆட்கள் வந்து கண்ணில் தடுப்புமருந்து விட்டுப் போன எரிச்சலில் கத்துகிறதாக்கும் என்று கலைவாணி சமாதானம் சொன்னாள். மெஷினுக்குத் தெரியாததா என்று அவரும் வைத்துவிட்டார். சற்று நேரத்தில் முப்பத்துநான்கு ஆனது. வெயில் ஏறுகிறது என்று எனக்கு ஒரே திருப்தி.

ராசிபுரம் நெரிசலில் நிற்கும்போது மறுபடி அழைப்பு. இந்த முறை குரலே மாறியிருந்தது.

"மூலையில ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடக்குது சாமி. பிரிச்சுப் பிரிச்சு உடறேன், மறுக்காவும் குமியுது."

கலைவாணி வண்டியை ஓரம் கட்டினாள். வெக்கை என்றால் குஞ்சுகள் விலகி நின்று வாயைப் பிளக்கும், குமிந்தால் அது குளிர், அடியில் இருப்பது மூச்சுமுட்டிச் சாகும் என்றாள். சுவரில் இருக்கும் சுவிட்சைப் போடச் சொல்லேன் என்றேன். இதை மாட்டும்போது எலக்ட்ரீசியன் அதைக் கழற்றிவிட்டாராம். இனி என் கையிலிருந்த போன் ஒன்றுதான் வழி. ஆனால் அது முப்பத்துநான்கு என்கிறதே! அது உண்மையாக இருந்து நாம் சூட்டை ஏற்றினால் அத்தனையும் வெந்துவிடாதா?

"மாமா கண்ணால பாத்துச் சொல்றாருங்கறேன். நாப்பதுன்னு வையி."

வைத்தேன். அந்தப் பக்கம் "எரியுது சாமி" என்றார். விலக ஆரம்பித்தால் உடனே சொல்லுங்க என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள். மீதிப் பத்துக் கிலோமீட்டரும் போனையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஹீட்டர் எரிந்தும் போனில் அதே முப்பத்துநான்கு. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

கொட்டகை வாசலில் கிருமி போக்க வைத்திருந்த மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு உள்ளே ஓடினோம். மாமனார் குஞ்சுகளைச் சுற்றி நிறுத்திய தகர வளையத்துக்குள் குந்தியபடி இரு கையாலும் குஞ்சுகளை விலக்கிக்கொண்டிருந்தார். மேலே கயிறு வெறுமனே தொங்கியது.

"பொட்டி எங்கீங்க மாமா?"

அவர் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். சட்டைப் பையில் இருந்தது. மருந்து விட்ட பிறகு, வளையத்தை அகலப்படுத்தும்போது மிதிபட்டுவிடுமே என்று எடுத்து வைத்தவர் திரும்ப மாட்ட மறந்துவிட்டார். காலையிலிருந்து ஹீட்டர்களை அணைத்து வைத்திருந்தது அவர் உடம்புச் சூடு. கலைவாணி பெட்டியை வாங்கிக் கட்டிவிட்டு, சூட்டைப் பழையபடி முப்பத்திரண்டுக்கு இறக்கினாள். மெல்ல மெல்லக் கத்தல் அடங்கியது. இறந்தவை ஒரு கூடை நிறைய இருந்தன. மாமனாரை அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

வாங்கப் போகிறவர்களுக்கு: பெட்டியைக் கயிற்றில் தொங்கவிடாமல், யாருக்குச் சூடு வேண்டுமோ அவர்கள் உயரத்தில் திருகாணி போட்டு இறுக்குங்கள். பழைய சுவிட்சைக் கழற்ற விடாதீர்கள். எண் சொல்வதும் கண் பார்ப்பதும் ஒத்துப்போகவில்லையா, கண்ணை நம்புங்கள். நானும் ஹீட்டர் வாங்கத்தான் போகிறேன், ஆனால் அறைக்கு ஒரு சுவர் சுவிட்ச் கட்டாயம் இருக்கும். பண்ணை பார்க்கப் போனால் கேட்காமல் கொட்டகைக்குள் கால் வைக்காதீர்கள்.

கிளம்பும்போது மாமனார் கார் வரை வந்தார். சாப்பிடச் சொல்லிக் கூப்பிட்டும் அவர் சாப்பிடவில்லை. நான் கதவைச் சாத்தப் போனபோது குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"பத்திரமா இருக்கோணும்னுதான் நெஞ்சுகிட்ட வச்சேன் அம்மிணி. அது குஞ்சில்ல, நான்னு அதுக்குத் தெரியாதுங்களா?"