போல்ட்டைச் சுற்றித் துரு இல்லை

நகரி ஊர்க்காரி தேவசேனாவிடம் சான்றிதழ் வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. திருப்பதியில் கட்டுமானப் பொருள்களைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் ஒன்பது வருடமாக ஒப்பந்த வேலை. வீட்டில் ஓடிய பவர்லூம் தறியின் சத்தத்துக்கு நடுவே டிப்ளமோ படித்தவள் என்பதால் யார் கத்தினாலும் காதில் ஏறாது. தன் கண்ணால் பார்க்காததைச் சரியென்று எழுதமாட்டாள். இந்தப் பிடிவாதத்தால் வேலை நிரந்தரமாவது இரண்டு முறை தள்ளிப்போனது. "ஸ்ரீ சிட்டி வேலைய புகார் இல்லாம முடிச்சிக் குடு, இந்த வாட்டி பெர்மனென்ட்" என்று முதலாளி சொல்லியிருந்தார்.

ஸ்ரீ சிட்டியில் புதிதாக எழும் தொழிற்சாலை அது. பளு தூக்கும் கிரேனின் தூணைப் பதினாறு போல்ட்டுகள் தரையோடு பிடித்து நிறுத்த வேண்டும். தரை, விரல் நீள இரும்பு இழைகள் கலந்த கான்கிரீட். போல்ட்டை மேலே இழுத்தால் சுற்றியிருக்கும் கான்கிரீட் கூம்பாகப் பெயர்ந்து வரப் பார்க்கும். விரிசலுக்குக் குறுக்கே கிடக்கும் இழைகள் அதை விடாமல் பிடித்துக்கொள்ளும். அந்தத் தெம்பில்தான் போல்ட்டின் நீளத்தையே குறைத்திருந்தார்கள். ஒரு போல்ட் தாங்க வேண்டியது எட்டு டன். ஆய்வுக்கூடத்தில் வார்த்த மாதிரிக் கட்டியில் போல்ட் பன்னிரண்டு டன் தாங்கியது.

அதோடு எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். இவள் நாகலாபுரம் வழியாக இரண்டு பஸ் மாறித் தரையைப் பார்க்கப் போனாள். முந்தின வாரம் மழை பெய்திருந்தது. தரையின் முகப்பில் தெரிந்த இழைமுனைகளெல்லாம் துருவேறி, தரை முழுக்கக் கடுகு தாளித்துக் கொட்டியது போலப் புள்ளிகள். ஒவ்வொரு போல்ட்டைச் சுற்றியும் மட்டும் ஒரு தட்டு அகலத்துக்குப் புள்ளியே இல்லை.

தரையைத் தேய்த்து முடித்த கொத்துவேலைக்காரி செங்கம்மாவிடம் கேட்டாள்.

"இன்னாக்கா, இங்க மட்டும் கம்பித்துண்டு ஒண்ணுகூட காணோம்?"

"நான்தான் மேடம். நட்டு முடுக்க வர்றவங்க கைய கிழிச்சிடுமேன்னு காங்கிரீட்டு ஈரமா இருக்கச்சொல்லவே ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டி எட்த்துட்டு, வெறும் கலவ போட்டு ரொப்பிட்டேன். பதினாறுக்கும் நான் ஒருத்திதான் குந்திக்கினு செஞ்சேன்." அவள் முகத்தில் பெருமை.

இழை எங்கே இருந்தாக வேண்டுமோ சரியாக அங்கே இல்லை. இதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை என்பதுதான் கொடுமை.

தளப் பொறுப்பாளர் ஹரிபாபுவிடம் போய், ஒரு போல்ட்டை இழுத்துப் பார்க்க வேண்டும் என்றாள்.

"எந்துக்கு?" என்று தெலுங்கு கலந்து கேட்டார். "மாதிரி ப்ளாக் பாஸ் ஆயிடுச்சு கதா? திங்கக்கிழமை ஓப்பனிங்."

"ப்ளாக்ல கம்பி இருந்திச்சி சார். இங்க இல்ல."

"இழுத்து நல்லா நின்னுச்சுன்னா, டைம் வேஸ்ட் பண்ணேன்னு உன் ஓனருக்குப் புகார் போகும்."

"போட்டும் சார். ஜாக்கி எங்க இருக்குது?"

போல்ட்டை மேலே இழுக்கும் ஜாக்கியைப் பொருத்தினார்கள். மூன்று டன் நின்றது. நாலு டன்னும் நின்றது. ஹரிபாபு செல்போனைக் கையில் எடுத்தார். ஐந்தைத் தொடும் முன்பே தரை டப்பென்று வெடித்து, ஒரு கூம்பு போல்ட்டோடு மேலே வந்தது. உடைந்த முகத்தில் இழை ஒன்றுகூட இல்லை. அந்தத் தூணடியில்தான் நாற்பது பெண்கள் உட்கார்ந்து பெட்டி கட்டப்போகிறார்கள். ஹரிபாபு செல்போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

பதினாறையும் உடைத்து மறுபடி போட வேண்டும், திறப்பு விழா நடக்காது. ஹரிபாபுவின் கோபம் நேரே செங்கம்மாமேல் பாய்ந்தது. "ரிப்போர்ட்ல இவ பேர எழுது. நாளையிலேந்து இவ இங்க வரக்கூடாது."

தேவசேனா கீழே கிடந்த ஓர் இழையை எடுத்து, உடைந்த இரண்டு துண்டுகளுக்குக் குறுக்கே வைத்து, அது எதைப் பிடித்துக்கொள்ளும் என்று செங்கம்மாவுக்குக் காட்டினாள்.

செங்கம்மா அந்த இழையைக் கையில் வாங்கிக்கொண்டாள். "இத யாருனா ஒரு வார்த்த சொல்லியிருந்தா, கையி கிழிஞ்சாலும் பரவால்லன்னு உட்டிருப்பேனே மேடம்."

தேவசேனாவுக்கு அவமானமாக இருந்தது. கட்டியைச் சோதித்த அவளும் தரை போடுகிறவர்களிடம் இதைச் சொன்னதில்லை. அறிக்கையை எடுத்து, காரணம் என்ற இடத்தில் 'இழை எதற்கென்று தரை போட்டவர்களுக்குச் சொல்லப்படவில்லை' என்று எழுதினாள். சொல்லத் தவறியவர்கள் என்று கீழே இன்னொரு வரி போட்டு, முதலில் தன் பெயரையும் அதற்கடுத்து ஹரிபாபுவின் பெயரையும் எழுதினாள்.