நல்ல பக்டீரியாவும் நயீமா மிஸ்ஸும்

நயீமா மிஸ் மௌத்தாகிவிட்டார், இறந்துவிட்டார் என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கி சொன்னபோது நான் ஆய்வுகூடத்தில் தனியாக இருந்தேன். நெஞ்சு நோகுது என்று முந்தின நாள் வேளைக்கே வீட்டுக்குப் போனவர். அவருடைய வெள்ளை மேலங்கி கதிரையில் தொங்கிக்கொண்டிருந்தது.

உணவுப் பரிசோதனையில் அவரோடு ஒரே மேசையில் வேலை செய்த காரைதீவுக்காரி நான். மிஸ் வாய் ஓயாமல் கதைப்பவர். தயிர்ச்சட்டியைக் கண்டால் முதலில் முகர்வார், பிறகுதான் ஸலாம் சொல்வார் என்று கேலி செய்வோம்.

அவருடைய காக்கா, கூடப்பிறந்த அண்ணன், இறக்காமத்து எருமைப்பாலில் தயிர்ப்பானம் செய்து போத்தலில் விற்றார். வயிற்றுக்கு நன்மை செய்யும் பக்டீரியா அதில் இருக்கிறது என்று விளம்பரம். தங்கச்சிதானே, ஒப்பம் வைத்துவிடுவா என்று நம்பி எங்களிடமே பரிசோதனைக்கு அனுப்பினார். கிருமி கொல்லும் மருந்து தோய்த்த தாள்வட்டத்தைச் சுற்றி அந்தப் பக்டீரியா சாகாமல் ஒட்டி வளர்ந்தது. மருந்தைத் தாங்கும் அந்தக் குணத்தை, கூட வளர்த்த நோய்க்கிருமிக்கும் கொடுத்திருந்தது. மிஸ் ஒப்பம் வைக்கவில்லை.

"ஊரே குடிக்குது. ஒருத்தருக்கும் வயித்துவலி வரல்ல. நீ மட்டும் என்னத்துக்கு வேணாமெண்டுறாய்?" என்று காக்கா வந்து கேட்டார்.

"இண்டைக்கு ஒண்டும் செய்யாது காக்கா. நாளைக்குப் புள்ளைக்குக் காய்ச்சல் வந்து கிடக்கக்குள்ள மருந்து கேக்காது. மௌத்தான உம்மா எழும்பி வந்து சொன்னாலும் வைக்கமாட்டன்."

விற்பனை நின்றது. அன்றோடு காக்கா அவரோடு கதைப்பதையும் விட்டார்.

இந்தப் பக்கத்தில் கலியாணத்துக்கு வீடு தேடி வந்து வாயால் சொல்ல வேண்டும். வந்து சொல்லாவிட்டால் சொந்தக்காரரும் போகமாட்டார்கள். காக்காவின் மகளுக்குக் கலியாணம் வந்தபோது ஊரெல்லாம் சொன்னவர்கள், மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த மாமியை, மிஸ்ஸை, விட்டுவிட்டார்கள். அன்று மிஸ் வேலைக்கு வந்தார்.

"போகல்லையா மிஸ்?"

"சொல்லல்லையே புள்ள."

சோற்றுப் பார்சலைப் பிரித்து இரண்டு வாய் தின்றுவிட்டு மூடினார். எனக்குத்தான் அழுகை வந்தது.

பிறகு அவர் பேச்சுக் குறைந்துபோனது. ஊர் ஊராகத் தயிர் வாங்கிச் சோதித்து, மருந்துக்கு அடங்கும் நல்ல உறை ஒன்றைத் தேடிப் பிடித்தார். பால் மாற்றி மாற்றி அதை உயிரோடு வைத்திருந்தார். "காக்காட யாவாரத்துக்கு" என்றார். ஆள் விட்டும் சொன்னார். காக்கா வரவில்லை. நல்ல மனுஷன்தான், ஆனால் பிடிவாதம் அந்தக் குடும்பத்துச் சொத்து.

மௌத்து வீட்டில் பள்ளிவாசல் நிர்வாகியான மரைக்கார் கேட்டார்: "கபுறுல இறக்க சொந்த ஆம்புள யார் இருக்கா?" பெண்ணின் ஜனாஸாவைக் குழிக்குள் இறங்கி வாங்கக் கணவனோ மகனோ கூடப்பிறந்தவனோ வேண்டும். மிஸ்ஸுக்குக் கணவரும் இல்லை, பிள்ளையும் இல்லை. மதிலோரம் நின்ற காக்கா சாரனை மடித்துக் கட்டினார்.

பெண்கள் நாங்கள் வீட்டிலேயே இருந்தோம். மண் ஒட்டிய கையோடு திரும்பி வந்த காக்கா என்னிடம் கேட்டார்.

"அந்த உறை இன்னும் இருக்கா தங்கச்சி?"

"ஓம் காக்கா. நேத்தும் மிஸ் பால் மாத்தினவ."

அவர் வாசலிலேயே குந்திவிட்டார். "நாளைக்கு வாறன்" என்றார்.

நாளைக்கு உங்கள் காக்கா வருகிறார், மிஸ். எடுத்துக் கொடுக்க நான் மட்டும்தான் இருப்பேன். நிம்மதியாகப் போய்வாருங்கள்.