செல்வி ஏறிப் பார்த்த வீல்

ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டா சேர்த்து என் பிக்கப் வண்டியை உயரமாகத் தூக்கியதிலிருந்து எண்ணூர் ரோட்டுப் பள்ளங்களைப் பற்றிக் கவலை இல்லை. ஆனால் பழைய வீல்கள் அதற்குக் கீழே கொசுக்கால் மாதிரி தெரிந்தன. டயர் வெளியே துருத்தி நிற்கும் அகலமான அலாய் வீல் மேல் எனக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

போன வாரம் டோல்கேட் வீல் கடைக்கு என் மனைவி செல்வியும் வந்தாள். காசிமேட்டில் மீன் எடுப்பது அவள், வண்டி ஓட்டுவது நான். அவள் சரி சொல்லாமல் ஒரு நட்டுகூட மாறாது.

கடைக்கார பாய் பின்பக்கம் ஒரு புறம் சாதா வீலும், மறுபுறம் அகல வீலும் மாட்டிக் காட்டினார்.

கிரிப், மைலேஜ் என்று மனப்பாடம் செய்துவைத்திருந்த பொய்களை ஆரம்பித்தேன். செல்வி காதில் வாங்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு சாதா டயர் மேல் கால் வைத்தாள். விரல்கள் மட்டும்தான் நின்றன. மறுபுறம் போனாள். முழுப் பாதமும் நின்றது. ஒரே எம்பில் வண்டிக்கு மேலே.

"இத்தயே போடு பாய். வண்டியத் தூக்குனதுலேர்ந்து கூடை ஏத்த ஏறி ஏறி முட்டி பேஜாரா கீது. இந்தாளு கண்டுக்கினாரா?"

பாய் என் காதருகே குனிந்தார். "மாமு, இனிமே வாயத் தொறக்காத."

"இன்னாவாம்?" என்றாள் மேலிருந்து.

"நல்ல வீலுன்றாரு."

தெருவே "செம வீலு" என்கிறது. எங்கள் வீட்டில் அதன் பெயர் படிக்கட்டு.

நீங்கள் ஆசைப்பட்டு வாங்கியதற்கு உங்கள் வீட்டில் என்ன பெயர்?