கும்பிடப் போன தண்ணீர்

போன வெள்ளிக்கிழமை செத்துப் பிழைத்தேன். மிகைப்படுத்தவில்லை.

அமீரகத்தின் அல் ஐனில் கட்டட வேலை பார்க்கும் முருகேசன் இந்தப் பக்கத்தின் வாசகர். அவர் மானாமதுரை, நான் மதுரை. இருவருக்கும் வைகை பொது — அதாவது, வெறும் மணல் பொது. நான் அங்கே வந்திருப்பது தெரிந்ததும் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து போன் செய்தார். "லீவு நாள்தான சார்... மலைக்கு நடுவுல ஒரு பள்ளத்தாக்கு இருக்கு. நடந்துட்டு வருவோம்."

பிக்கப் ஓட்டி வந்தவர் குல்கான், பெஷாவர்க்காரர். வண்டியை வெளியே நிறுத்திவிட்டு மூவரும் உள்ளே நடந்தோம். இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை. நடுவே காய்ந்த ஆற்றுப் படுகை. மேலே பொட்டு மேகம் இல்லாத வானம். குல்கான் ஒரு பாறைத் திட்டில் ஏறி உட்கார்ந்து டீ ஃபிளாஸ்க்கைத் திறந்தார்.

அப்போதுதான் கற்களுக்கு இடையே தண்ணீர் நெளிந்து வந்தது. பழுப்பு நிறம், நுரை, கொஞ்சம் சுள்ளி.

"சார், புதுத்தண்ணி" என்றார் முருகேசன். குரல் தழுதழுத்தது.

வைகையில் தண்ணீர் வந்தால் நாங்கள் என்ன செய்வோம்? செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். முதலில் செருப்பைக் கழற்றியது நான்தான்; பின்னாலேயே அவரும். நான் கழற்றியிருக்காவிட்டால் அவர் நடுப் படுகை வரை போயிருப்பாரா?

"ஊப்பர் ஆவோ! ஜல்தி!"

மேலே வரச் சொன்ன குல்கானின் அலறலில் நான் திட்டில் தொற்றி ஏறிவிட்டேன். திரும்பினால், வளைவில் லாரி வருகிற மாதிரி சத்தம். ஆள் உயரத் தண்ணீர், கற்களை உருட்டிக்கொண்டு வருகிறது. முருகேசன் கும்பிட்ட கையோடு அப்படியே நிற்கிறார்.

குல்கான் குதித்து ஓடினார். சட்டையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்து மேலே தள்ளினார். அவர் ஏறுவதற்குள் தண்ணீர் அவர் இடுப்பைத் தொட்டுவிட்டது.

எங்கோ மலைக்குப் பின்னால் பெய்த மழையாம். தலைக்கு மேல் பெய்தால்தான் நமக்கு மழை... "இங்கே தண்ணீரைப் பார்த்தால் ஓடணும் பாய்" என்று இந்தியில் திட்டித் தீர்த்தார் குல்கான்.

முருகேசன் கீழே ஓடும் வெள்ளத்தை எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "நம்ம வைகை நடந்துல்ல சார் வரும்" என்றார்.

வெள்ளம் வடிந்த பிறகு, சூடான கல்லில் வெறுங்காலோடு வண்டிக்கு நடந்தோம். மரியாதைக்காகக் கழற்றி வைத்த இரண்டு ஜோடிச் செருப்பை மட்டும் அடித்துக்கொண்டு போய், தண்ணீர் எங்களை விட்டதே... அதுவரைக்கும் கும்பிட்டது வீண்போகவில்லை.