சாமி படக் கண்ணாடியில் என் முகம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே பல வருஷம் ஓடிவிட்டது. பிள்ளையார் சுழி போட்டதும் முகம் சுடும். காகிதத்தை மடித்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான், கோர்வையாக எழுத வராது. ஆனால் அதைவிட வெட்கம்தான் பெரிய காரணம். இப்போது ஊரில் இந்தக் கதையை நடக்காததையெல்லாம் சேர்த்துச் சொல்கிறார்கள். அதனால் முருகன் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

நாங்கள் கொடைக்கானல்காரர்கள். என் வீட்டுக்காரருக்குக் காய்கறி மண்டியில் வேலை. மலையில் பிளாஸ்டிக் பை கொடுக்கக் கூடாது என்று கடைகடையாகச் சொல்லிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. எனக்கு அப்போது இரண்டு கன்னத்திலும் கருந்திட்டாக மங்கு படர்ந்திருந்தது. பஜாரில் விற்ற ஒரு வெளுப்பு கிரீமை யாருக்கும் தெரியாமல் வாங்கிப் பூசினேன். முதலில் பளிச்சென்று ஆனது. பிறகு தோல் உரிந்து, வெயில் பட்டாலே எரிந்தது, மங்கு முன்னைவிடக் கறுத்தது. விரதம், கிருத்திகை என்று இருப்பவளுக்கு எதற்கு இந்த ஆசை என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனாலும் கண்ணாடி முன்னால் நிற்பதை விடவில்லை.

அந்த நேரத்தில்தான் மகளுக்குப் பழனியிலிருந்து ஒரு வரன் வந்தது. அடிவாரத்தில் பஞ்சாமிர்தம் செய்து விற்கிற குடும்பம். அதற்கு முன்னால் வந்த வரன்களையெல்லாம் வேண்டாம் என்றவள், இந்தப் பையனின் போட்டோவை மட்டும் திருப்பித் தரவில்லை. தலையணை உறைக்குள் வைத்திருந்தாள். எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. பெண் பார்க்க வருகிறவர்கள் தாயின் முகத்தையும் பார்ப்பார்கள், இன்னும் இருபது வருஷம் கழித்து மகள் எப்படி இருப்பாள் என்று அதில் கணக்குப் போடுவார்கள். என் மூஞ்சியால் அவளுக்கு இந்த வரன் தவறிவிடக் கூடாது என்பதே எனக்கு ராப்பகலாகக் கவலை.

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருந்தார். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து சின்ன வயசிலேயே குடும்பத்தோடு வந்தவர். மகளிர் குழுவில் பயிற்சி எடுத்து, இயற்கை அலங்காரச் சாமான் என்று வீட்டிலேயே செய்துகொண்டிருந்தார். பீட்ரூட் சாற்றையும் தேன்மெழுகையும் சேர்த்து உதட்டுக்குச் சாயம், விளக்கெண்ணெய்ப் புகையில் கண்ணுக்கு மை, கூவைக்கிழங்கு மாவு, சந்தனம், உலர்ந்த பன்னீர் ரோஜா இடித்து முகத்துக்குப் பவுடர். வெள்ளைக்காரர்கள் வந்து வாங்கிப் போவார்கள். எனக்கு நம்பிக்கையே கிடையாது. சமையல்கட்டில் கிடப்பதை இடித்து விலை போடுகிறார் என்றுதான் நினைத்தேன். அதை அவரிடமே சொன்னேன்.

"நீ கடையில வாங்கிப் பூசினதை வாயில போடுவியா? நான் இதைப் போடுறேன் பாரு" என்று ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டார். "தின்னாலும் ஒண்ணும் செய்யாது தங்கச்சி. சாமான் வேணும்னா டப்பா கொண்டா. நான் டப்பா குடுக்கிறதில்ல."

அதுதான் அவருடைய வழக்கம். பிளாஸ்டிக் கிடையாது, பொட்டலம் கிடையாது, வீட்டிலிருந்து ஏனம் கொண்டுபோனால் அதில் நிரப்பித் தருவார். என்னிடம் மூடி போட்ட சின்ன ஏனம் என்று இருந்தது பழனியில் ஜோடியாக வாங்கிய இரண்டு பித்தளைச் சம்படம்தான். ஒன்றில் திருநீறு. மற்றது காலி. சாமான் சுத்தமானது என்றால் ஏனமும் சுத்தமானதாக இருக்கட்டுமே என்று காலிச் சம்படத்தைக் கழுவித் துடைத்து எடுத்துப்போனேன்.

பூசிப் பார்த்தேன். எரியவில்லை. அடையாகவும் ஒட்டவில்லை. மங்கு முழுதாக மறையாவிட்டாலும் அமுங்கித் தெரிந்தது. மண்டியிலிருந்து வந்த வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "என்ன, இன்னைக்குச் சாமி வந்து எறங்குன மாதிரி இருக்க" என்றார். கேலிதான். ஆனாலும் எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது.

பழனிக்காரர்கள் வருகிற அன்று வெள்ளனே எழுந்து சொஜ்ஜியும் பஜ்ஜியும் செய்தேன். வீட்டில் இருந்த ஒரே கண்ணாடியை மகள் விடவில்லை. வாசலில் வேன் சத்தம் கேட்டது. எனக்கு முகம் இன்னும் வெறுமையாக இருந்தது. பூஜை மாடத்தில் பெரிய முருகன் படம், கண்ணாடி போட்டது. விளக்கு வெளிச்சத்தில் அதில் என் முகம் தெரிந்தது. அதைப் பார்த்தே பவுடரைப் பூசினேன். அவர் முகத்துக்கு மேல் என் முகம். அவர் நெற்றிப் பட்டை இருந்த இடத்தில் என் கன்னம். அப்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. சம்படத்தை அங்கேயே திருநீற்றுச் சம்படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

பையனுக்குக் கடையில் சோலி என்று அவனை விட்டுவிட்டு அப்பாவும் அம்மாவும் மட்டும் வந்திருந்தார்கள். அந்த அம்மா மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுத்துச் சோர்ந்துபோயிருந்தார். உட்கார்ந்ததும், "ஏம்மா, கொஞ்சம் துண்ணூறு குடுங்க. வாயில போட்டா வயிறு அடங்கும்" என்றார். என் வீட்டுக்காரர் மாடத்திலிருந்து கைக்கு எட்டிய சம்படத்தை எடுத்து நீட்டினார். நான் அடுப்படியில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தேன். திரும்பி வரும்போது அந்த அம்மா சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துவிட்டார். அவர் வீட்டுக்காரர் மூன்று விரலால் நெற்றியில் பட்டை இழுத்துக்கொண்டிருந்தார். பட்டை நிற்கவில்லை. இழுக்க இழுக்கத் தோலோடு கலந்து காணாமல் போனது. அவர் மறுபடி மறுபடி இழுத்தார்.

செம்பைத் தரையில் வைத்தேன்.

பஞ்சாமிர்தம் பதம் பார்த்துப் பழகிய நாக்கு அந்த அம்மாவுடையது. சப்புக்கொட்டிப் பார்த்துவிட்டு, "இது எங்க மலைத் துண்ணூறு மாதிரி இல்லையே. ரோசாப்பூ மணக்குது, லேசா இனிக்குது" என்றார். என் வீட்டுக்காரர் விடவில்லை. போன கிருத்திகைக்குத் தானே சன்னதியில் வாங்கி வந்தது என்று அடித்துச் சொன்னார். அவர் அறிந்தமட்டில் அது உண்மை. அந்த அம்மாவின் முகம் மாறியது. கண்ணை மூடிக் கும்பிட்டார். வயிற்றுப் புரட்டல் நின்றுவிட்டது என்றார். நம்ம முருகன் இந்த வீட்டில் பேசுகிறான் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

என் மகள் அறை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். அந்தச் சம்படத்தில் என்ன இருக்கிறது என்று அவளுக்கும் தெரியும். பேசாதே என்று அவள் கண் சொன்னதா, சொல்லிவிடு என்று சொன்னதா, இன்றுவரை நான் கேட்டதில்லை. நான் பேசாமலிருந்தால் அந்த நிமிஷமே தட்டு மாற்ற நாள் குறித்திருப்பார்கள். பேசாமலிருக்கத்தான் நினைத்தேன். அதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அந்த அம்மா இன்னொரு சிட்டிகை எடுத்து முந்தானை நுனியில் முடிந்தார். "எங்க வீட்டுச் சாமிகிட்ட வச்சு, பையன் நெத்தியில பூசி விடணும்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அது துண்ணூறு இல்லைங்க. என் மூஞ்சிக்குப் பூசுற பவுடருங்க. முந்தானையில முடிஞ்சுக்காதீங்க."

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எந்த முகத்தை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று அத்தனை பாடுபட்டேனோ, அதைக் கூடம் முழுக்க உற்றுப் பார்த்தது. முந்தானையால் அழுந்தத் துடைத்தேன். மங்கு வெளியே வந்தது. அந்த ஐயா எழுந்துபோய்க் குழாயடியில் நெற்றியைத் தேய்த்துக் கழுவினார். அந்த அம்மா முடிச்சை மெல்ல அவிழ்த்து வாசலில் உதறினார். கெட்டுப்போன சாமானா, வயிற்றுக்கு ஏதாவது செய்யுமா என்று கேட்டார். தின்னாலும் ஒன்றும் செய்யாது என்று தெரு அக்கா சொன்ன மாதிரியே சொன்னேன். அதைச் சொன்ன விதத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. நல்ல திருநீற்றை நான் எடுத்து நீட்டினேன். என் கையிலிருந்து அவர் வாங்கவில்லை. மகளைக் கொண்டுவரச் சொல்லி வாங்கினார். சொஜ்ஜியை ருசி பார்த்தார்கள், சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள், வேன் ஏறினார்கள். என் வீட்டுக்காரர் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மகள் போட்டோவைத் தலையணையிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்தாள்.

தெரு அக்காவிடம் சொன்னபோது அவர் முதலில் சிரித்தார், பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கொஞ்ச நாள் கழித்துச் சொல்லி அனுப்பினார்கள். பெண்ணின் தாய் பழனிக்கு வந்து, மலையேறி, சாமியிடம் மன்னிப்புக் கேட்கட்டும், பிறகு பேசலாம் என்று. அவர்கள் சொல்லாவிட்டாலும் போயிருப்பேன். முகத்தில் ஒன்றும் பூசாமல் படியேறினேன். அந்த அம்மாவும் கூட ஏறினார். சன்னதியில் நின்று நான் அழுத அழுகை சம்படம் மாறியதற்காக மட்டும் இல்லை. முருகன் முகத்தைக் கண்ணாடியாக்கி என் முகத்தைப் பார்த்தேனே, அதற்காக. அதை நான் அந்த அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

இறங்கும்போது பாதிப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்தோம். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னைக்கு அதைப் போடலையா?"

"இல்லைங்க மதினி."

"போட்டா நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். பிறகு எழுந்து, "வெரசா எறங்குங்க, நாள் பாக்க ஐயரு காத்துக் கெடக்காரு" என்றார்.

கல்யாணம் நடந்தது. மகள் நன்றாக இருக்கிறாள். அந்தப் பவுடரை இப்போதும் பூசுகிறேன். இயற்கைச் சாமானைப் பற்றி அன்று நான் நினைத்தது தப்பு. ஊறுகாய் பாட்டிலைக் கழுவி அதில் வாங்கி வந்து அடுப்படியில் வைத்திருக்கிறேன். ஆனால் விளக்கேற்றும்போது கண்ணைத் தாழ்த்திக்கொள்வேன். அந்தச் சாமி படக் கண்ணாடியில் முதலில் தெரிவது யார் என்று பார்க்க இன்னும் பயம்.

ஊரில் இதை இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் திருநீறு ரோஜா மணத்தது, அந்த அம்மாவின் வயிற்றுவலியைத் தீர்த்தது என்று சிலர். அந்தச் சம்படத்தைப் பார்க்கவே ஆள் வந்திருக்கிறது. பழனிக்காரர்களுக்கு வசிய மருந்து கொடுத்துப் பெண்ணைத் தள்ளிவிட்டாள் என்று சிலர். இரண்டும் இல்லை. படிக்கிறவர்கள் யாரிடமாவது சொல்ல நினைத்தால், சொல்லுங்கள். ஆனால் அற்புதத்தையும் சேர்க்க வேண்டாம், மருந்தையும் சேர்க்க வேண்டாம். என்மேல் இரக்கப்பட்டு, பேசாமலிருக்க நான் நினைத்த அந்த நிமிஷத்தை விட்டுவிடவும் வேண்டாம். எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள்.