வெயில் படாத மணல்

எங்கள் தோட்டத்து ஓடைக்கரையில் ஆதிமனிதரின் கல்லாயுதங்கள் கிடைத்தன. அவற்றின் காலத்தை அறிய வந்த ஆராய்ச்சி மாணவி, அவை கிடந்த அடுக்கிலேயே ஓர் இரும்புக் குழாயை அடித்து இறக்கி, மணலோடு உருவி எடுத்தாள். இரு முனையையும் மூடியிட்டு டேப் ஒட்டி, கறுப்புத் தாளில் சுற்றினாள். மறுநாள் மழையில் அந்தக் கரையே சரிந்து போய்விட்டது. மிஞ்சியது அந்த ஒரு குழாய்தான்.

இருட்டில் புதைந்த மணலில், சுற்றியுள்ள மண்ணின் மெல்லிய கதிர்வீச்சின் தடம் கொஞ்சங்கொஞ்சமாகச் சேருமாம். அதை அளந்தால் மணல் கடைசியாக வெயில் கண்ட காலம் தெரிந்துவிடும். நடுவில் வெளிச்சம் பட்டால் சேர்ந்ததெல்லாம் அழிந்துபோகும்.

அவளைப் பொள்ளாச்சியில் ரயிலேற்றிவிட, நான் பால் கேன் ஏற்றும் பெட்டி ஆட்டோவில் கூட்டிப்போனேன். கேரள எல்லையில், மீனாட்சிபுரம் செக்போஸ்ட்டில் மறித்தார்கள். கஞ்சா சோதனை.

"இதெந்தா சாதனம்? தொறக்கு," என்றார் மலையாளி அதிகாரி.

"மண்ணுங்க சார். எங்க தோட்டத்து மண்ணு."

"இப்படிச் சுத்தி வைக்க இதென்னா, பொன்னா?"

"பொன்னா இருந்தா நான் எதுக்குங்க பால் கேன் தூக்கறேன்?"

அவர் சிரிக்கவில்லை. பிளேடை எடுத்தார். அவள் குழாயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "வெளிச்சம் பட்டா எல்லாம் போச்சு சார். வேற மண்ணு இல்ல!" அவள் கெஞ்சக் கெஞ்ச அவருக்குச் சந்தேகம் கூடியது.

நான் குறுக்கே புகுந்தேன். "ஏனுங்க சார், உங்க ஸ்டோர் ரூமுக்கு ஜன்னல் இல்லீங்களே. அங்க வெச்சுத் தொறங்க. கஞ்சாவுக்குக் கண்ணு எதுக்குங்க, மூக்கு போதுமே."

வாசலில் நின்ற காவலர் சிரித்துவிட்டார். அதிகாரி யோசித்து, "வா," என்றார்.

மூவரும் உள்ளே போனோம். கதவடி இடுக்கில் என் துண்டைத் திணித்தேன். கும்மிருட்டு. டேப் கிழியும் சத்தம். அவர் மோந்து பார்ப்பது கேட்டது.

அப்போது அவர் சட்டைப் பையில் செல்போன் வெளிச்சத்தோடு அடித்தது. யோசிக்கவில்லை, பாய்ந்து அவர் நெஞ்சில் இரு கையையும் அழுத்தினேன்.

"டோய்! ஆரது?"

"நான்தானுங்க. மூடிடுங்க சார், மூடிடுங்க!"

அவர் கத்துவார் என்று நினைத்தேன். மூடியை அழுத்தும் சத்தம்தான் கேட்டது. போன் ஓயும்வரை என் கையடியில் அவர் நெஞ்சு படபடத்தது.

கஞ்சா இல்லையென்று விட்டுவிட்டார்கள்; அவளை ரயிலேற்றினேன். பல நாள் கழித்துத்தான் அவளிடமிருந்து போன் வந்தது: வெளிச்சம் பட்டிருக்கக்கூடிய முனை மணலை எப்போதும் ஒதுக்கிவிடுவார்களாம். நடுமணல் கெடவில்லை. அளந்துகொண்டிருக்கிறார்கள்.

இப்போது என் பால் வண்டியை நிறுத்தி அந்த அதிகாரியே கேட்கிறார்: "நம்ம மண்ணுக்கு வயசு எத்ர ஆயி?"