நெய்ச்சோறும் லைப்பேஸும்

என் கணையம் வீங்கிப் பாதி செத்துப்போனது. சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் சரக்கு இறக்கும் வேலையை விட்டு மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தேன். எதைத் தின்றாலும் எண்ணெயாக வெளியே போனது.

கணையம்தான் லைப்பேஸ் என்ற நொதியைச் சுரக்கிறது. கொழுப்பில் மூன்று கொழுப்பமிலங்கள் கிளிசராலோடு ஒட்டியிருக்கும். அவை ஒட்டியிருக்கும் இடத்தில் லைப்பேஸ் தண்ணீரைச் சேர்த்து இரண்டைக் கழற்றிவிடும். கழற்றினால்தான் குடல் ஏற்கும். எனக்கு அது சுரக்காததால், சாப்பிடத் தொடங்கும்போதே கேப்சூல் விழுங்க வேண்டும். அது பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது. வேறு மருந்து இல்லை என்றார் டாக்டர். பன்றி எங்களுக்கு ஹராம். மார்க்கத்தில் இதற்கு அனுமதி உண்டா என்று பள்ளிவாசல் உஸ்தாதிடம் கேட்டேன்.

"மாத்து மருந்து இல்லேங்கிறாங்கல்ல? போடுங்க, கூடும்," என்றார்.

தங்கை மகன் கல்யாணத்தில் நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும். எங்கள் வழக்கப்படி ஒரு சஹனில், அதாவது ஒரே பெரிய தட்டில், நான்கு பேர். நான், அண்ணன், அண்ணனின் மைத்துனர், அண்ணனின் கூட்டாளி. பிஸ்மி சொல்லி கேப்சூலை வாயில் போட்டேன்.

"என்ன மச்சான், இந்த வயசுல பவர் மாத்திரையா?" என்று மைத்துனர் சிரித்தார்.

"கொழுப்பு செரிக்க. பன்னிக் கணையத்துல செஞ்சது." எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது.

மைத்துனர் கையை எடுத்தார். கூட்டாளி, மணி அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"இத இங்கயா சொல்லணும்?" என்றார் அண்ணன்.

"கேட்டாரு காக்கா, சொன்னேன்." அண்ணனை நாங்கள் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

"வாய மூடிக்கிட்டுத் தின்னிருக்கலாம் லா." அவரும் கை கழுவப் போனார்.

மாத்திரை உள்ளே போய்விட்டது. சாப்பிட்டே ஆக வேண்டும். நான்கு பேர் சோற்றின் முன்னால் தனியாக உட்கார்ந்து தின்றேன்.

பிறகு லிட்டில் இந்தியாவில் அண்ணனின் துணிக்கடைக்குப் போனால், தனக்குக் கண்ணாடி டம்ளரிலும் எனக்குக் காகிதக் கப்பிலும் தேநீர் ஊற்றினார். கோபத்தில் போவதையே நிறுத்தினேன்.

பெருநாள் காலையில் போன் செய்தார். "சாப்பிட வா. ஒனக்குத் தனித் தட்டு வைக்கச் சொல்லியிருக்கேன். ஒனக்கும் வசதி."

உஸ்தாத் சொன்னதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அண்ணன் தட்டில் கை வைக்க எனக்கு எதற்குச் சாட்சி? சின்ன வயதில் என் எச்சில் பாலைப் பிடுங்கிக் குடித்தவர்.

"வேலை இருக்கு," என்றேன். ஒரு வேலையும் இல்லை.

மார்சிலிங்கில் என் வீட்டில் பெருநாள் சட்டையை மாற்றாமல் மதியம்வரை உட்கார்ந்திருந்தேன். அவர் மறுபடி கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன், தனித் தட்டு என்றாலும்.